‘அந்தக் கால வண்டிதான் வண்டி’: நிஜமாவா, இல்ல வெறும் பாசமா?

#1 கரூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

போன மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு சென்னையில ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு திரும்பிக்கிட்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. அடுத்த நிமிஷம் இழுவை போச்சு. மாட்டு வண்டி வேகத்துல ஓரங்கட்டினேன். 3 வருஷ வண்டி, ஒரு சர்வீஸ்கூட தவறவிட்டதில்ல. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு 74 வயசு. இறங்கி வந்து, "பேனட்டைத் தொற"ன்னாரு. தொறந்தேன். கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒண்ணு மொத்தத்தையும் மூடிக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சு ஒரு நிமிஷம் பாத்தாரு. "இதுல இன்ஜின் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

இழுவை வண்டி வர 3 மணி நேரம். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனரை மாட்டின அஞ்சாவது நிமிஷம் கண்டுபிடிச்சுட்டாங்க: கட்டைவிரல் அளவு சென்சார் ஒண்ணு போயிருக்கு. ஆனா அந்தச் சாமான் வர 5 நாள்.

வீட்டுல அப்பாவோட 1986 அம்பாசிடர், மார்க் 4, கார் ஷெட்டுல 9 வருஷமா ஓட்டாம நிக்குது. தம்பி அதை இரும்புக் கடைக்குப் போட்டுடலாங்கறான். அப்பாவோ அன்னிலேருந்து ஒரே பாட்டு: "அதை ரெடி பண்ணுடா. அது நடுரோட்டுல விடாது." கல்யாணத்துல பாத்த பெரியவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க.

நிஜமாவே பழைய வண்டிங்க அவ்வளவு நம்பகமானதா? இல்ல நமக்கு இப்ப ஞாபகம் இருக்கறது நல்லது மட்டும்தானா? செலவு பண்ணலாமா வேண்டாமான்னும் சொல்லுங்க.

#2 டேக்ஸி_தங்கம்

பழசுதான். இதுல வாதமே கிடையாது.

#3 வெட்டிஆபீசர்

வாதமே கிடையாதுன்னு சொன்ன இழையெல்லாம் 4 பக்கம் ஓடும். முறுக்கு எடுத்துட்டு வந்து உக்காந்துட்டேன்.

#4 ஸ்பேனர்செட்

தம்பி கரூர்க்காரன், கோயமுத்தூர்ல 31 வருஷமா பட்டறை வெச்சிருக்கறனுங்க. உங்கப்பா மேல கோவிச்சுக்காதீங்க, ஆனா அவர் சொல்றதுல பாதிதான் நிஜமுங்க.

கார்புரேட்டர் காலத்து வண்டிய வெச்சிருந்தவங்க என்னென்ன பண்ணுனாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மாசம் ஒருக்கா எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கோணும். பிளக்கைக் கழட்டிச் சொரண்டோணும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்து பாயிண்ட் (பிளக்குக்குத் தீப்பொறி போக கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கற சாமான்) கேப் பாக்கோணும். டேப்பட் சத்தம் வந்தா டைட் வெக்கோணும். கொஞ்ச வருசம் ஓடுனா ஹெட்டைக் கழட்டிக் கரி சொரண்டோணும். அதுக்கப்புறம் ரீபோர், அதாவது தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது. அந்தக் காலத்து மீட்டரைப் பாத்திருக்கீங்களா? பாதி வண்டில கிலோமீட்டருக்கு அஞ்சு கட்டம்தான் இருக்கும். 99,999 ஆனா மறுபடி சைபர்தான். அதுக்கு மேல ஆறாவது கட்டம் வேணும்னு அதைச் செஞ்சவனுக்கே தோணலைங்க! இன்னைக்கு என்ற பட்டறைக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடி ஹெட்டே தொறக்காத வண்டி சாதாரணமா வருதுங்க.

இன்னொண்ணு, டிக்கி. அந்தக் காலத்து ஆளுங்க வெளியூர் கிளம்புனா டிக்கில என்ன இருக்கும்? பேன் பெல்ட் ஒண்ணு, பாயிண்ட் செட் ஒண்ணு, பாயிண்ட் சீக்கிரம் கருகாமப் பாத்துக்கற கண்டென்சர், ரெண்டு பிளக், ரேடியேட்டர் ஓஸ், தண்ணி கேன், கிழிஞ்ச வேட்டி. வேட்டி எதுக்குன்னா, சித்திரை வெயில்ல பெட்ரோல் பம்புக்குள்ளயே ஆவியாகி லாக் ஆயிருமுங்க. வண்டி நின்னுரும். ஈரத்துணிய பம்பு மேல சுத்தி, ஒரு டீ குடிச்சுட்டு வந்தா ஸ்டார்ட் ஆகும். அதாவது பட்டறைய டிக்கிலயே வெச்சுட்டுத்தான் போனாங்க. வண்டி நிக்காமல்லாம் இல்ல. நின்னுச்சு, சரி பண்ணுனாங்க, போனாங்க. வீட்டுக்குப் போனதுக்கப்புறம் "நின்னுச்சு"ங்கறது மறந்து போச்சு, "போய்ச் சேந்துட்டோம்"ங்கறது மட்டும் ஞாபகத்துல தங்கிருச்சு.

கெட்டுப்போகாம ஓடறது வேற, கெட்டா நம்ம கைக்கு அடங்கறது வேறங்க. பழசுக்கு ரெண்டாவது இருந்துச்சு. புதுசுக்கு மொதலாவது இருக்குது. உங்கப்பா ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொளப்பிக்கறாரு.

#5 கரூர்க்காரன்

அண்ணே, அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஈரத்துணி சமாசாரம் வந்ததும் சிரிச்சுட்டாரு. "தொப்பூர் கணவாயில எத்தனை தடவ"ன்னு அவரே ஆரம்பிச்சுட்டாரு. அப்ப அது "விடாது"ன்னு எப்படிச் சொன்னீங்கன்னு கேட்டா, "அது நின்னதா ஆகுமாடா?"ங்கறாரு.

#6 ஹெரால்டு68

எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். நான் அழகைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னிடம் 20 வருடங்கள் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. நம்ம சென்னையை ஒட்டிப் பெருங்களத்தூரில் தயாரானது. வரைந்தவர் இத்தாலியர், ஜொவான்னி மிக்கெலோட்டி. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு வந்த அந்த வண்டிக்கு இந்தியாவில் மட்டும்தான் நான்கு கதவுகள் வைத்தார்கள். நம் வீட்டு ஜனத்தொகை அப்படி! பேனட், மட்கார்டு, ஹெட்லைட் என்று முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் அந்த வண்டி எனக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல.

அந்த நாளில் இருட்டில் வரும் வண்டியைக்கூட விளக்கை வைத்துச் சொல்லிவிடலாம். பியட் 1100க்குப் பின்னால் சின்ன வால் துடுப்பு. அம்பாசிடருக்குத் தொப்பி போட்ட பெரியவர் முகம். கான்டெஸா நீளமாக, பிரிட்டனின் வாக்ஸால் காரின் சாயலில். இன்று வாகன நிறுத்தத்தில் என் மகனுடைய வண்டியைச் சாவி பொத்தானை அமுக்கிக் கண் சிமிட்ட வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். எல்லாம் வெள்ளை. எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கும் முகம். யார் மேல் இவ்வளவு கோபம் என்று தெரியவில்லை.

முன் ஜன்னல் ஓரத்தில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? சின்னக் கொக்கியை நீக்கித் திருப்பினால் காற்று நேராக மார்பில் வந்து அடிக்கும். ஏசி எல்லாம் அப்புறம்.

#7 வெட்டிஆபீசர்

மாமா, அந்த முக்கோணக் கண்ணாடி வழியாத்தான் திருடனும் கையை விட்டுக் கதவைத் திறப்பான்.

#8 ஹெரால்டு68

உண்மை. ஒரு முறை சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன், நானும் அப்படித்தான் திறந்தேன்.

#9 நாலுசக்கரம்

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். ஹெரால்டு சார் கேட்டதற்குப் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தக் கேள்வி என் மாமனாரும் வாரா வாரம் கேட்பார்.

எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருப்பதற்குச் சோம்பேறித்தனம் ஒரு பங்குதான். மீதி விதிகள். ஒரு ஆள் மேல் வண்டி மோதினால் அவர் தலை பேனட்டில் வந்து விழும். பேனட்டுக்குக் கீழே உடனே இரும்பு இன்ஜின் இருந்தால் கதை முடிந்தது. அதனால் பேனட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடம் விடணும். பேனட் உயர்ந்தது, மூக்கு மொண்ணையானது. உருண்டாலும் கூரை அமுங்கக் கூடாது, உள்ளே திரை மாதிரி விரியும் காற்றுப் பை இருக்கணும், கம்பங்கள் தடித்தன. பக்கவாட்டு மோதலுக்காகக் கதவு உயர்ந்தது, ஜன்னல் சுருங்கியது. மைலேஜுக்காகக் காற்றைக் கிழிக்கும் உருவம் வேண்டும். காற்றுக்கு எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான், அது சொல்வதும் ஏறக்குறைய ஒரே உருவத்தைத்தான். கூடவே, ஒரே அடித்தளத்தில் நாலு பெயரில் நாலு வண்டி.

சார் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். அந்தத் தடித்த முன் கம்பம் பெரிய தொல்லை. ரவுண்டானாவில் திரும்பும்போது ஒரு பைக்கே முழுசாக அதன் பின்னால் மறைந்துவிடுகிறது. தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துத்தான் திருப்ப வேண்டியிருக்கு. ஹெரால்டில் உட்கார்ந்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது மாதிரி நாலு பக்கமும் தெரியும். அதை நாம் இழந்துவிட்டோம்.

ஆனால் அழகு மட்டும் போதாது என்பதற்குப் பெருங்களத்தூரே சாட்சி. அதே கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 கொண்டு வந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 கார், இன்றைக்கும் திரும்பிப் பார்க்க வைக்கும். உள்ளே 1940களின் வான்கார்டு காரிலிருந்து வந்த இன்ஜின். 1988இல் முடிந்துவிட்டது.

#10 டேக்ஸி_தங்கம்

சார், விதியெல்லாம் சரி. இப்ப வர்ற வண்டி பேனட்டைக் கட்டைவிரலால அமுக்கினா குழி விழுது. அம்பாசிடர் மேல ஏறி நின்னு கல்யாண ஊர்வலமே பாத்திருக்கோம். அது மோதினா எதிர்ல வர்றவனுக்குத்தான் சேதாரம். சேஸிஸ் அப்படி. இரும்புன்னா இரும்பு.

#11 ஸ்பேனர்செட்

தங்கம் அண்ணே, ஒரு விசயம். அம்பாசிடருக்குத் தனியா சேஸிஸே (பாடியத் தாங்கற இரும்புச் சட்டம்) கிடையாதுங்க. அது இங்கிலாந்து மொரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. பாடியும் அடியும் ஒரே கூடு. இன்னைக்கு வர்ற சின்னக் காருங்க மாதிரியேதான். தனிச் சேஸிஸ் இருந்தது ஹெரால்டுக்கு. தகடு தடிமன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். அந்தத் தடிமன் எங்க ஓட்டை விழுதுன்னு டிங்கர்கிட்டக் கேளுங்க. கதவுக்குக் கீழ இருக்கற பெட்டி உள்ளுக்குள்ளயே துருவேறி, மேல பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. ஸ்குரூ டிரைவர்ல குத்துனா உள்ள போயிரும்.

#12 நாலுசக்கரம்

தங்கம் அண்ணா, இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு தடவை நேராகவே விடை பார்த்துவிட்டார்கள். 2009இல், அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் தன் 50ஆம் ஆண்டுக்காக 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் ஒன்றோடொன்று பாதி முகம் மோதும்படி விட்டார்கள். பெல் ஏர் நம் அம்பாசிடரைவிடப் பெரியது, கனமானது.

வீடியோ பாருங்கள். பெல் ஏரின் முன்பக்கம் மடங்கி, ஸ்டியரிங் தண்டு மேலும் பின்னும் வந்து, டிரைவர் பொம்மை உட்கார்ந்த இடமே இல்லாமல் போகிறது. நிஜ மனிதர் என்றால் பிழைத்திருக்க மாட்டார். மலிபுவும் முன்னால் சப்பளிந்துதான் போனது. ஆனால் கதவு வளையவில்லை. டிரைவருக்குக் காலில் சின்ன அடி, அவ்வளவுதான்.

நசுங்குவது வண்டியின் பலவீனம் இல்லை அண்ணா. நசுங்க வேண்டிய இடம் நசுங்கி மோதலின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. நசுங்காத இரும்பு அந்த வேகத்தை அப்படியே நம் நெஞ்சுக்குக் கொடுக்கும். பேனட்டில் கட்டைவிரல் குழி விழுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பலமான எஃகு, பயணிகளைச் சுற்றியுள்ள கூண்டில் இருக்கு.

புதுசு என்றாலே பத்திரம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் 5 சின்னக் கார்களை மோதிப் பார்த்தபோது ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரம் கிடைக்கவில்லை. எல்லாம் காற்றுப் பை இல்லாத ஆரம்ப விலை மாடல்கள். அதில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோ, இரண்டு காற்றுப் பையோடு மோதினபோது 4 நட்சத்திரம் வாங்கியது. 2018 டிசம்பரில்தான் டாடா நெக்ஸான் மூலம் இந்தியத் தயாரிப்புக்கு முதல் 5 நட்சத்திரம். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம்மூர் மதிப்பீடே வந்துவிட்டது. அதனால் 2012 வண்டியும் 2024 வண்டியும் இந்த விஷயத்தில் ஒரே "புதுசு" கிடையாது.

#13 டேக்ஸி_தங்கம்

வீடியோ பாத்தேன் தம்பி. ஒண்ணும் பேசத் தோணல. 22 வருஷம் பெல்ட்டே போடாம ஓட்டியிருக்கேன்.

#14 அகிலா_மதுரை

இவ்வளவு நேரம் படிச்சிட்டிருந்தேன். ஒரு விஷயம் யாருமே சொல்லல. அந்தக் கால வண்டியப் புகழற எல்லாரும் ஆம்பிளைங்க!

நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டது அப்பாவோட பியட்டுல. ஸ்டியரிங் பக்கத்துலயே கியர். பவர் ஸ்டியரிங் கிடையாது. சிம்மக்கல்ல வண்டியத் திருப்பி நிறுத்தறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும். ரெண்டு வளையல் உடைஞ்சுருக்கு. அப்பா பின்னாடி நின்னு "ஒடி, ஒடி, ஒடி"ன்னு கத்துவாரு, தெருவே வேடிக்கை பாக்கும். கல்யாணத்துக்கப்புறம் 15 வருஷம் நான் ஓட்டவே இல்ல.

இப்ப எங்கிட்ட இருக்கறது ஆட்டோ கியர் வண்டி. 2014ல செலேரியோல ஏஎம்டி வந்தப்பத்தான் கிளட்ச் இல்லாத கார் எங்கள மாதிரி பட்ஜெட்டுக்குள்ள வந்துச்சு. மேட்டுல பின்னாடி உருளாது. ரிவர்ஸ் கேமரா இருக்கு, பின்னாடி யாரும் "ஒடி" சொல்ல வேண்டாம். எங்க மாமியார் 61 வயசுல ஓட்டக் கத்துக்கிட்டு கோயிலுக்குத் தானே போய்ட்டு வர்றாங்க. நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா சாவியத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகுது. சோக் இழுத்து, பம்ப் பண்ணி, இன்ஜினுக்குள்ள பெட்ரோல் ஏறிப்போச்சுன்னு கால் மணி நேரம் காத்திருந்து... அதெல்லாம் கூடவே ஒரு டிரைவரோ ரோட்டுல இறங்கித் தள்ள நாலு பேரோ இருந்தவங்களுக்குத்தான் சுகமான ஞாபகம்.

அழகு மட்டும் ஒத்துக்கறேன் ஹெரால்டு சார். பியட்டோட முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமா இருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல நான் உக்காந்துக்குவேன். அது இனிமே வராது.

#15 வெட்டிஆபீசர்

அக்கா அடிச்ச அடியில முறுக்கு கீழே விழுந்துருச்சு.

#16 வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து. உங்கட அம்பாசிடரின்ர அண்ணன் மொறிஸ் ஒக்ஸ்போட் இஞ்ச இன்னும் ஓடுது. அதோட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம். ஏன் இன்னும் ஓடுது எண்டதுக்கு ஒரு காரணம் சொல்லுறன்.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. எங்கட ஆக்கள் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில ஓட்டிச்சினம். எஞ்சின் சூடாகும் மட்டும் காபரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து விடுறது. அந்தச் சொட்டுப் பெற்றோலைச் சின்னப் போத்தல் ஒண்டில நகை மாதிரி வைச்சிருப்பினம். பழைய எஞ்சினுக்கு அழுத்தம் குறைவு, அதாலதான் எதைக் குடுத்தாலும் இருமி இருமியாவது எரிச்சுத் தள்ளினது. புகை எண்டால் சொல்லி வேலையில்லை. என்ர மாமாவின்ர ஏ40இல ஒருக்கா ஏழு பேர், ரெண்டு ஆடு, ஒரு தையல் மெசின். இடம்பெயர்ந்து போகேக்க. இந்தக் காலத்து இன்ஜெக்சன் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கோ, என்ன நடக்குமெண்டு.

ஆனா அகிலா அக்கா சொன்னதும் சரி. மாமா அந்தக் காரை விரும்பி வைச்சிருக்கேல்லை, வேற வழியில்லாமல் வைச்சிருந்தவர். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் கார் திரும்ப வர 2025 ஆச்சு. அதுக்கிடையில பழசுகளின்ர விலை எங்கயோ போட்டுது. மாமா வித்துப்போட்டு ஒரு யப்பான் ஹைபிரிட் எடுத்தவர். இப்ப ஏசியைப் போட்டுக்கொண்டு, பழசைப் பற்றி ஒரு வசனமும் கதைக்கிறேல்லை.

#17 கரூர்க்காரன்

வடமராட்சியான் அண்ணா, ரெண்டு ஆடுங்கற இடத்துல நிறுத்தி அப்பாவுக்குத் திரும்பப் படிச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு.

சரி, என் கேள்விக்கு வர்றேன். புதுசு குறைவாத்தான் கெடுதுன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு சின்ன சென்சாருக்கு வண்டி மொத்தமும் படுத்துக்கறது நியாயமா?

#18 ஸ்பேனர்செட்

மொத்தமாப் படுக்கலீங்க. மெதுவா ஓரங்கட்ட விட்டுச்சுல்ல? அது வேணும்னே அப்படி வெச்சிருக்கறது. தப்பான தகவலை வெச்சு ஓடி இன்ஜினைக் கெடுத்துக்கறதுக்குப் பதிலா இழுவையக் குறைச்சுக்கும். பாயிண்ட் போன வண்டி எச்சரிக்கையெல்லாம் பண்ணாதுங்க.

உங்க கோவம் வேற எடத்துல இருக்கோணும். ஸ்கேனர்ல கோளாறு கண்டுபிடிக்க அஞ்சு நிமிசம், சாமான் வர அஞ்சு நாள். வண்டில கோளாறு இல்லீங்க, வண்டியச் சுத்தி இருக்கற ஏற்பாட்டுலதான். என்ற மாதிரி வெளிப் பட்டறைல ஸ்கேனர் வெச்சிருந்தாலும் சில வேலைக்குக் கம்பெனி மென்பொருள் இல்லாம உள்ளயே போக முடியறதில்ல. சாவி தொலைஞ்சா புதுச் சாவிய வண்டி ஏத்துக்கோணும்னாகூட அவங்ககிட்டத்தான் போகோணும். பழைய வண்டிக்கு ஹெட்லைட்டு 7 இன்ச் வட்டம். அம்பாசிடர், ஜீப்பு, புல்லட்டு எல்லாத்துக்கும் அதே சைஸு, எந்தக் கடையிலயும் கெடைக்கும். இப்ப எல்ஈடி. பல்பு மாத்தறதுங்கற பேச்சே இல்ல, லைட்டு மொத்தமும் மாத்தோணும். போன வாரம் ஒரு கஸ்டமர் முன் கண்ணாடிய ஒடைச்சுட்டு வந்தாரு. அடாஸ் கேமரா, அதாவது ரோட்டைப் பாத்து டிரைவருக்கு உதவற கேமரா, இருக்கற வண்டி. கண்ணாடி மாட்டுனதும் வேலை முடியலீங்க, கேமரா நேராப் பாக்குதான்னு அளவு வெக்க வேற எடத்துக்கு அனுப்பிச்சோம்.

ஊருக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டறவங்க புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல் வண்டிய வாங்கி, சைலன்சர்ல இருக்கற கரி வடிகட்டி அடைச்சு, இழுவை போச்சுன்னு வர்றதும் நெறைய. அது ஹைவேல நல்லா சூடாகி ஓடுனாத்தான் தானா எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். விக்கும்போதே இதைச் சொல்லோணும், சொல்றதில்ல.

#19 நாலுசக்கரம்

அண்ணன் சொன்னதோடு டச் ஸ்கிரீனையும் சேர்த்துக்கங்க. ஏசி வேகத்தை மாற்ற மூணு தட்டு தட்டணும், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கணும். பழைய வண்டியில் குமிழைத் தடவிப் பார்த்தே திருப்பிவிடலாம். இது வெறும் புலம்பல் இல்லை. 2026 முதல், ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீடான யூரோ என்கேப் முழு மதிப்பெண் தர, இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்கணும் என்கிறது. பழசிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதும் இருக்குதானே சார்?

#20 ஹெரால்டு68

பொத்தானைத் திருப்பித் தருகிறார்கள். சந்தோஷம். முக்கோணக் கண்ணாடிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

#21 சக்கரைவள்ளி

இதெல்லாம் இருக்கட்டும், இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியக் கொன்னுடும்ங்கறாங்களே? அரசியல்வாதிங்க எல்லாரும்...

#22 நெறியாளர்

அரசியல் பகுதியை வெட்டியிருக்கிறேன். கேள்வி நல்ல கேள்வி, அதை மட்டும் வைத்திருக்கிறேன்.

#23 ஸ்பேனர்செட்

கொல்லாதுங்க, ஆனா சும்மாவும் விடாது. எத்தனாலுக்கு லிட்டருக்குச் சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் கொறையும். ஈரத்தை இழுக்கும், நின்ன வண்டி டேங்குல தண்ணி சேரும். பழைய ரப்பர் ஓஸு, பம்புக்குள்ள இருக்கற ரப்பர் சவ்வு (டயாபிரம்) ஊறி வெடிச்சுப் போகும். 2023 ஏப்ரலுக்கப்புறம் வந்த வண்டிங்களுக்கு அதுக்குத் தகுந்த சாமான் போட்டிருக்காங்க. கரூர்த் தம்பி அம்பாசிடரைத் தூக்கி நிறுத்துனா மொதல்ல டேங்கைக் கழட்டிக் கழுவி, பெட்ரோல் ஓஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ஓஸா மாத்திருங்க. பிரேக் ரப்பர் செட் எல்லாம் புதுசு. 9 வருசம் நின்ன பிரேக்கை நம்பிராதீங்க. இன்னொண்ணு, 2000லதான் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முச்சூடும் நிறுத்துனாங்க. பழைய வால்வு சீட்டு தேயாம இருந்தது அந்த ஈயத்தாலதான். அதுக்கப்புறம் ஹெட் வேலை பாத்திருந்தா வால்வு சீட்டு மாத்துனாங்களான்னு அப்பாகிட்டக் கேளுங்க.

ஆர்சி புதுப்பிக்க முன்ன 600 ரூவா இருந்தது 2022ல 5,000 ஆச்சு, அதுக்கப்புறமும் ஏறியிருக்குது. ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு எறங்குங்க. சாமானுக்குப் புதுப்பேட்டை போறதா இருந்தா பழைய சாமானைக் கையிலயே கொண்டு போங்க. பேரைச் சொல்லிக் கேட்டா என்ன வேணா குடுப்பாங்க.

#24 கரூர்க்காரன்

2 மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

இரும்புக் கடைக்குப் போடல. தம்பிதான் கடைசியில பாதிச் செலவை ஏத்துக்கிட்டான். டேங்க், ஓஸ், பிரேக் எல்லாம் அண்ணன் சொன்னபடியே. சென்னை, பெங்களூருன்னா புது வண்டிதான், அதுல மாத்தம் இல்ல. சென்சார் மாத்தினதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் தரல. அம்பாசிடர் ஞாயித்துக்கிழமை ஊருக்குள்ள மட்டும். என் பொண்ணு பின் சீட்டுல ஏறினதும் கேட்ட முதல் கேள்வி, "பெல்ட் எங்கப்பா?" அதனால நாலு பெல்ட்டுக்குச் சொல்லியிருக்கேன், மாட்டற வரைக்கும் பொண்ணுக்கு அதுல இடம் கிடையாதுன்னு அப்பாவே சொல்லிட்டாரு.

போன ஞாயிறு அப்பாதான் ஓட்டினாரு. லைட்ஹவுஸ் கார்னர் போறதுக்குள்ள ரெண்டு தடவ இருமிட்டு நின்னுருச்சு. எனக்குப் பக்குனு ஆச்சு. அவர் முகத்தைப் பாக்கணுமே! 20 வயசு குறைஞ்ச மாதிரி இறங்கினாரு. பேனட்டைத் தொறந்து மூடியக் கழட்டி, தீப்பெட்டி உரசற பக்கத்தை வெச்சுப் பாயிண்டைத் தேச்சுப் பாத்தாரு. நெருப்பு சரியா வரல. ஏதோ ஒரு கடையில நான் புதுசா வாங்கி மாட்டின கண்டென்சர் வேலை செய்யலன்னு புரிஞ்சுபோச்சு. டிக்கிக்குப் போய் ஒரு தகர டப்பாவை எடுத்தாரு. துணியில சுத்தின பழைய கண்டென்சர் ஒண்ணு. பத்தே நிமிஷம். மாட்டினாரு, ஸ்டார்ட் ஆச்சு.

"விடாதுன்னு சொன்னேன்ல"ன்னாரு.

#25 ஸ்பேனர்செட்

அந்தக் கண்டென்சர் எந்த வருசத்ததுன்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி.

#26 கரூர்க்காரன்

கேட்டேன் அண்ணே. 92ல சேலத்துல வாங்கினதாம். அப்ப ரெண்டு வாங்கினாராம், இன்னொண்ணு பிரிக்கவே இல்லையாம்.